தொங்கும் முன் ஊன்றட்டும்: வெயில் சுவரில் ஒரு சன்ரோஸ் பாத்தியின் நிகழ்வு ஆய்வு

இடுப்பளவு உயரமுள்ள ஒரு தாங்குசுவர், மேற்கு பார்த்தது. அதன் தலைமட்டத்தில், சுவரின் நீளத்துக்கும் ஒரு மீட்டர் அகலத்தில் பாத்தி. பாத்தி முழுக்க ஒரே செடி: பேபி சன்ரோஸ். எல்லாமே ஒரே தாய்ச்செடியில் ஒடித்த துண்டுகள்; குழித்தட்டில் வேர்விட வைத்து ஒரே வாரத்தில் நட்டவை. சொட்டுநீர்க் குழாயும் ஒன்றுதான். இருந்தும் இரண்டாவது கோடையின் நடுவில், பாத்தியின் வடக்குப் பாதியில் செடி சுவரை முழுசாக மூடித் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. தெற்குப் பாதியில் தண்டுகள் அடியில் மொட்டையாகி, நுனியில் மட்டும் நாலைந்து இலையும் பூவுமாகக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "இந்தப் பக்கம் வெயில் ஜாஸ்தி தம்பி. செடி தாங்கல."

வறண்ட, வெயில் அடிக்கும் தோட்டத்தில் படரும் சதைப்பற்றுச் செடி எது காய்ந்தாலும் பெரும்பாலும் இதே காரணம்தான் சொல்லப்படுகிறது. வெயிலைக் கைகாட்டிவிட்டால் அப்புறம் யாரும் மண்ணைத் தோண்டிப் பார்ப்பதில்லை. இந்தப் பாத்தி அப்படி விட்டுவிடக் கூடாத ஒன்று. ஒரே செடி, ஒரே வயது, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு விதமான முடிவு. இப்படி ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு தோட்டங்களில் அடிக்கடி அமையாது. அதனால்தான் இதை முழுசாக எழுதி வைக்கிறேன்.

செடியைப் பற்றிக் கொஞ்சம்

பேபி சன்ரோஸின் தாயகம் தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் பகுதி. 1782-இல் ஸ்வீடன் தாவரவியலர் இளைய லின்னேயஸ் இதற்கு மெசெம்பிரையாந்திமம் கார்டிஃபோலியம் என்று பெயர் வைத்தார். 20-ஆம் நூற்றாண்டில் அப்டீனியா என்ற தனிப் பேரினத்துக்கு மாற்றினார்கள். 2007-இல் மீண்டும் மெசெம்பிரையாந்திமத்துக்கே கொண்டுவந்தார்கள். நர்சரிகளில் இன்றும் அப்டீனியா என்ற பெயர்தான் புழங்குகிறது. நம் வயல்வரப்புகளில் தானாக முளைக்கும் சாரணையும் இதே குடும்பம். பத்து மணிப்பூ வேறு குடும்பம். இரண்டும் வெயிலில் பூப்பதால் பலர் ஒன்றாகவே நினைத்து ஒரே மாதிரி வளர்க்கிறார்கள்.

இதய வடிவ இலை, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. இளம் இலையைச் சாய்வெயிலில் திருப்பிப் பார்த்தால் மேற்பரப்பில் பொடிப்பொடியாக மின்னும். அது தூசியோ பனியோ இல்லை. நீர் சேர்த்து வைத்திருக்கும் புடைத்த தோல்செல்கள். பூ இளஞ்சிவப்பு, வெயில் ஏறியதும் விரிந்து மாலையில் மூடிக்கொள்ளும். இதழ் மாதிரித் தெரியும் மெல்லிய இழைகள் உண்மையில் உருமாறிய மகரந்தத் தாள்கள். அடர்சிவப்புப் பூவோடு 'ரெட் ஆப்பிள்' என்ற பெயரில் கிடைப்பது கலப்பினம். இந்தப் பாத்தியில் இருந்தது இளஞ்சிவப்புப் பூ பூக்கும் அசல் வகை.

இந்த நிகழ்வுக்கு முக்கியமான குணம் வேறொன்று. இதன் தண்டு மண்ணைத் தொட்டுக் கிடந்தால் கணுவுக்குக் கணு வேர் விடும். அந்தரத்தில் தொங்கும் தண்டுக்கு அந்த வழி கிடையாது. பின்னால் வருவதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

முதலில் கண்ணில் பட்டவை

தெற்குப் பாதியில் பூ நிறைய இருந்தது. வடக்கில் பச்சை அதிகம், பூ குறைவு. பூ நிறைய இருப்பதால் தெற்குச் செடிகள் நன்றாகத்தான் இருக்கின்றன என்று முந்தைய மாதங்களில் யாரும் கவலைப்படவில்லை. ஆனால் நீருக்குத் தவிக்கும் சதைப்பற்றுச் செடி வளர்ச்சியைச் சுருக்கிக்கொண்டு பூவில் இறங்குவது உண்டு. இந்தச் செடியின் நலத்தைப் பூவை எண்ணிச் சொல்லக் கூடாது. தண்டின் அடிப்பகுதியில் இலை நிற்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

தெற்குச் செடிகளின் இலைகள் சிறுத்திருந்தன, ஓரம் சிவந்திருந்தது. சிவப்பு நிறத்தை மட்டும் வைத்து எதுவும் முடிவு செய்யக் கூடாது. நல்ல வெயிலில் நிற்கும் ஆரோக்கியமான செடியிலும் அது வரும். இலையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மெல்ல மடித்துப் பார்த்தேன். நீர் நிறைந்த இலை மடியாது, 'டக்'கென்று உடையும். தெற்கு இலைகள் துணி மாதிரி மடிந்து, விட்டதும் மெதுவாக நிமிர்ந்தன.

இந்தச் சோதனையைப் பிற்பகலில் ஒருமுறை, மறுநாள் விடிகாலையில் ஒருமுறை செய்ய வேண்டும். வேளை முக்கியம். உச்சிவெயிலுக்குப் பிறகு இலை தளர்ந்திருப்பது பெரிய விஷயமே இல்லை. இரவில் வேர் நீரை உறிஞ்சிக் கொடுத்ததும் விடியலில் அது விறைத்து நிற்கும். விடியலிலும் தளர்ந்தே இருந்தால் இரவு முழுக்க வேருக்கு நீர் எட்டவில்லை என்று பொருள். மண் ஈரமாக இருந்தும் இலை தளர்ந்திருந்தால் வேரழுகலைச் சந்தேகிக்கலாம். இங்கே வடக்கு இலைகள் விடியலில் உடைந்தன. தெற்கு இலைகள் அப்போதும் மடிந்தன. சந்தேகம் வெயிலிலிருந்து வேருக்கு மாறியது அந்தக் காலையில்தான்.

வெயிலை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. வடக்குப் பாதியில் காலை நேரத்தில் வீட்டு நிழல் கொஞ்சம் கூடுதலாக நிற்கும் என்று அந்த அம்மா சொன்னது உண்மைதான். ஆனால் இதற்கு முன் அவரே தெற்குப் பாதிக்கு நிழல்வலை கட்டியிருக்கிறார். பலன் என்ன என்று கேட்டேன். தண்டு நீண்டது, கணுவிடை அகன்றது, பூ குறைந்தது; அடிமொட்டை மட்டும் மாறவில்லை. வெயில்தான் காரணம் என்றால் நிழலில் தேறியிருக்க வேண்டும். தான் செய்ததை அவர் மறைக்காமல், கூட்டாமல் குறைக்காமல் சொன்னது இந்த ஆய்வுக்குப் பெரிய உதவி.

சுவரடியில் ஒரு ஈரக்கறை

தெற்குப் பாதியின் கீழே, சுவரின் வடிதுளை ஒன்றின் அடியில், உள்ளங்கை அகல ஈரக்கறை இருந்தது. அதைச் சுற்றிப் பாசி. வறண்ட தோட்டத்தில், நடுக்கோடையில், பாசி! மேலே ஏறிப் பாத்தி மண்ணில் விரலை விட்டால் இரண்டாவது கணு வரை பொடிமண்தான். மேலே காய்ச்சல், கீழே ஈரம். தண்ணீர் எங்கோ குறுக்கு வழியில் இறங்கிக்கொண்டிருந்தது.

சொட்டுநீரைத் திறந்துவிட்டுச் சுவர் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தோம். பாத்தி மண் சரளையும் கொஞ்சம் களிமண்ணும் கலந்தது. களி காயும்போது சுருங்கும். சுருங்கிய மண் சுவரை விட்டு விலகி, நெடுக ஒரு விரல் நுழையும் இடைவெளி விட்டிருந்தது. தெற்குப் பாதியில் செடிகளைச் சுவர் விளிம்பை ஒட்டியே நட்டிருந்ததால், சொட்டுவாய்களும் அந்த இடைவெளிக்கு அருகிலேயே இருந்தன. விழுந்த நீர் காய்ந்த மண்ணின் மேல் உருண்டு, இடைவெளிக்குள் இறங்கி, சுவரின் உள்முதுகு வழியே வடிதுளைக்குப் போய்விட்டது. தினமும் பத்து நிமிடம் தண்ணீர் போகிறது என்ற கணக்கு சரி. அது செடிக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து ஒரு செடியைச் சுற்றி மண்ணைக் கரண்டியால் விலக்கிப் பார்த்தேன். குழித்தட்டில் இருந்த தென்னை நார்க்கழிவுக் கட்டி அதே வடிவத்தில், கூம்பாக, கெட்டியாகக் கிடந்தது. வேர்கள் அதற்குள்ளேயே சுருண்டிருந்தன. சுற்றியிருந்த மண்ணுக்குள் போனவை நாலைந்து இழைதான். நார்க்கழிவு முழுசாகக் காய்ந்துவிட்டால் மறுபடி நனைவது லேசில் நடக்காது. நீர் அதன் தோளில் வழிந்து போய்விடும். கட்டியைப் பிட்டுப் பார்த்தேன். நடுவில் ஈரமே இல்லை, வேர்கள் பழுப்பாக முறுக்கிக்கொண்டிருந்தன. இந்த ஒரு கட்டியை நம்பி ஒரு மீட்டருக்கும் மேல் நீண்ட எட்டுத் தண்டுகள் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தன.

வடக்குப் பாதியில் அதே கரண்டி. ஒரு தண்டை மெல்ல இழுத்தேன், வரவில்லை. கொஞ்ச தூரம் தள்ளி இழுத்தேன், அங்கேயும் பிடிப்பு. விரல் நீளத்துக்கு ஒரு வேர்க்கொத்து என்று பாத்தி நெடுக ஊன்றியிருந்தது. நார்க்கழிவுக் கட்டி எங்கே இருந்தது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை.

ஏன் இந்த வித்தியாசம்? பதில் சாதாரணமானது. வடக்குப் பாதியின் விளிம்பில் ஒரு தண்ணீர்க் குழாய் புதைந்து கிடக்கிறது. நட வந்தவர் அதைக் கொத்திவிடக் கூடாது என்று, செடிகளை விளிம்பிலிருந்து முக்கால் மீட்டர் உள்ளே தள்ளி நட்டிருக்கிறார். அந்தச் செடிகள் சுவரை எட்டுவதற்கு முன் பாத்தியின் குறுக்கே ஊர்ந்து வர வேண்டியிருந்தது. ஊர்ந்த வழியெல்லாம் வேர் விட்டன. தெற்கில் குழாய் இல்லை. சீக்கிரம் தொங்கட்டும் என்று விளிம்பிலேயே நட்டு, தண்டுகளை அப்போதே சுவருக்கு வெளியே எடுத்துவிட்டிருக்கிறார்கள். முதல் ஆண்டு தெற்குதான் முன்னால் இருந்தது. அங்கே திரை சீக்கிரம் இறங்கிவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்திருக்கிறார்கள்.

மண் வேறாக இருக்குமோ என்பதையும் பார்த்துவிட்டோம். இரண்டு பாதியிலும் ஒரு சாண் ஆழக் குழி எடுத்து, ஒருமுறை நீர் நிரப்பி ஊறவிட்டு, மறுபடி நிரப்பி வடியும் நேரத்தை ஒப்பிட்டோம். சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

என்ன செய்தோம்

கோடை தணியும் வரை பெரிய வேலை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. உச்சிக்கோடையில் இந்தச் செடியை வெட்டினால் மொட்டைத் தண்டில் நேராக வெயில் விழும். அதுவரை பூவாளியால் பாத்தியின் உட்பக்கத்தில் மெதுவாக, விட்டுவிட்டு ஊற்றி நார்க்கழிவுக் கட்டிகளை நனைத்தோம். ஒரேயடியாகக் கொட்டினால் பழையபடி ஓடிவிடும். முதலில் கொஞ்சம் தெளித்து, அது ஊறியதும் இன்னும் கொஞ்சம் என்று போனால்தான் உள்ளே ஏறும்.

வெயில் தணிந்ததும் முதல் வேலையாகச் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பருமணல் கலந்த மண்ணால் நிரப்பி, குச்சியால் குத்திக் குத்தி இறுக்கினோம். சொட்டுநீர்க் குழாயைப் பாத்தியின் நடுக்கோட்டுக்கு நகர்த்தினோம். தினம் பத்து நிமிடம் என்பதை நிறுத்திவிட்டு, ஒரு சாண் ஆழம் நனையும் வரை நீளமாக ஓடவிட்டு, இரண்டு விரல் ஆழம் காய்ந்த பிறகே அடுத்த நீர் என்று மாற்றினோம். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று பலர் கேட்கிறார்கள். காலண்டரைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. மண்ணில் விரலை விடுங்கள், விடியலில் இலையை மடியுங்கள். இரண்டும் சேர்ந்து சொல்லும்.

அப்புறம் பதியன். இந்த ஆய்வின் மையமே இதுதான் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

தொங்கிய தண்டுகளை விளிம்பிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டினோம். மீதியிருந்த தண்டைச் சுவரிலிருந்து தூக்கி, பாத்தியின் உட்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தோம். பழைய தண்டு விறைத்திருக்கும், சட்டென்று வளைத்தால் அடியில் பிளந்துவிடும். முந்தின நாள் நன்றாக நீர் பாய்ச்சிவிட்டு, மாலையில், தண்டு கொஞ்சம் தளர்ந்திருக்கும் நேரத்தில் இரண்டு கையாலும் தாங்கி வளைக்க வேண்டும். தண்டு படுக்கப்போகும் இடத்தில் மண்ணைச் சுரண்டி ஒரு விரல் ஆழத்துக்குக் கீறல் போட்டு, கணு அந்தக் கீறலில் உட்காரும்படி வைத்து, கொண்டை ஊசி போல வளைத்த கம்பியால் இருபுறமும் அமுக்கினோம். கணு மேல் ஒரு பிடி மணல்மண். நுனி மட்டும் வெளியே. கணுவை ஆழமாகப் புதைக்கத் தேவையில்லை. அது மண்ணை இறுக்கமாகத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். தண்டு காற்றில் அசைந்துகொண்டே இருந்தால் புது வேர் அறுந்துபோகும். கம்பி அதற்குத்தான்.

வெட்டி எடுத்த நுனிகளையும் பயன்படுத்தினோம். விரல் நீளத்துக்கு நறுக்கி, அடி இலைகளை உரித்து, நிழலில் ஒரு நாள் வைத்து வெட்டுவாய் காய்ந்ததும், பாத்தியின் உள்விளிம்பில் நேரடியாக ஊன்றினோம். நார்க்கழிவுத் தட்டு இந்த முறை வேண்டாம் என்பது என் தேர்வு. இந்தச் செடி மண்ணிலேயே எளிதாக வேர்பிடிக்கும். அப்படிப் பிடித்தால் கட்டியிலிருந்து மண்ணுக்கு மாறும் சிக்கலே வராது.

மேலே சிறுஜல்லி மூடாக்கு, மெல்லிய ஒரு அடுக்கு. உரம் எதுவும் போடவில்லை. தழைச்சத்து கொடுத்தால் நீர்த்த, மெலிந்த தண்டுகள் மளமளவென்று நீளும். வேர் ஊன்ற வேண்டிய பருவத்தில் அது தேவையில்லாத தூண்டல்.

தென்கோடியில் இரண்டு செடிகளை மட்டும் பதியன் போடாமல், விளிம்பில் தொங்கும் நிலையிலேயே விட்டோம். புது நீர்ப்பாய்ச்சல், இடைவெளி அடைப்பு, மூடாக்கு எல்லாம் அவற்றுக்கும் உண்டு. வேர் கூடியதால் தேறியதா, நீர் சரியானதால் தேறியதா என்று பிரித்துப் பார்க்க வேறு வழி இல்லை. அந்த அம்மாவுக்கு இதில் முதலில் விருப்பமில்லை. "அந்த ரெண்டு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். ஒரு கோடை வரைக்கும் என்று கேட்டு ஒத்துக்கொள்ள வைத்தேன்.

அதன் பிறகு

மூன்றாவது வாரத்தில் பதியன் போட்ட தண்டுகளை லேசாக இழுத்தபோது பிடிப்பு தெரிந்தது. மொட்டையாக இருந்த பழைய தண்டின் கணுக்களில் பச்சைப் பொட்டுகள் வந்தன. அவை முதலில் இரண்டிரண்டு இலையாக விரிந்து, பிறகு கிளையாக நீண்டன. விளிம்பை எட்டிய கிளைகளை முதல் சுற்றில் இறங்க விடவில்லை, நுனியைக் கிள்ளிவிட்டோம். கிள்ளினால் பின்னால் உள்ள கணுக்கள் கிளைக்கும், கிளைத்தவை மண்ணிலேயே இன்னும் கொஞ்ச தூரம் ஊரும். திரையைப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு இது பொறுமையைச் சோதிக்கும் கட்டம். ஆனால் இங்கே கழியும் ஒரு பருவத்தில்தான் பின்னால் வரும் பல கோடைகளுக்கான வேர் கிடைக்கிறது.

மழைக்காலத்தில் ஒரு சிக்கல். பாத்தியின் நடுவில் ஓர் இடம் தாழ்ந்திருந்தது. குழாயை நகர்த்தியபோது மண் கொஞ்சம் அமுங்கியிருக்க வேண்டும். தொடர்மழையில் அங்கே நீர் நின்று, ஒரு முறத்தளவு இடத்தில் செடி நொந்தது. இலை கண்ணாடி போலாகி, தண்டின் அடி கறுத்து, தொட்டால் தோல் உரிந்து வந்தது. அழுகியதைப் பச்சைத் தண்டு தொடங்கும் இடம் வரை வெட்டி எடுத்து, மண்ணைக் காயவிட்டு, சரளை சேர்த்து மேடாக்கி, பக்கத்திலிருந்தே துண்டு ஒடித்து ஊன்றினோம். வறண்ட தோட்டத்தில் இந்தச் செடியை ஒரே இரவில் கொல்லக்கூடியது தேங்கிய நீர்தான். காய்ச்சலில் அது மெல்ல மெல்லத்தான் தேயும், காப்பாற்ற நேரம் கிடைக்கும்.

அடுத்த கோடையில் தெற்குத் திரை சுவரின் பாதி வரை இறங்கியிருந்தது. விடியலில் இலை உடைந்தது. நீர் விடும் இடைவெளியை வடக்குப் பாதிக்குச் சமமாகத் தள்ளிப்போட முடிந்தது. தென்கோடியின் இரண்டு செடிகளும் முன்பைவிடத் தேறின என்பதைச் சொல்ல வேண்டும். கோடையின் தொடக்கத்தில் அவற்றின் இலைகளும் விறைப்பாகவே இருந்தன. உச்சிக்கோடை வந்ததும் பழையபடி விடியலில் மடியத் தொடங்கின, அடி மறுபடி உதிர்ந்தது. வடிதுளையின் அடியில் பாசி அப்போது காய்ந்து போயிருந்தது. அதாவது நீர் வீணாகவில்லை, பாத்தியில்தான் இருந்தது. அதை எடுக்கப் போதுமான வேர் அந்த இரண்டுக்கும் இல்லை. என் தீர்ப்பு இதுதான்: நீரைச் சரிசெய்தது பாதி வேலை, வேரைப் பெருக்கியது மீதிப் பாதி. இந்த இரண்டு வேலைகளில் வேரைப் பெருக்கியதுதான் கோடையைத் தாண்ட வைத்தது.

இடையில் மாவுப்பூச்சியும் வந்தது. எறும்பு வரிசையாக ஏறுவதைப் பார்த்து அந்த அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். அடர்ந்த இடத்தைக் கலைத்துக் காற்றோட்டம் கொடுத்து, காலையில் நீரைப் பீய்ச்சி அடித்ததில் அடங்கிவிட்டது. வேப்பெண்ணெய் தெளிக்க வேண்டிவந்தால் வெயில் சாய்ந்த பிறகு தெளியுங்கள். எண்ணெய்ப் பூச்சோடு உச்சிவெயிலில் நிற்கும் இலை கருகும்.

வெயில் ஏன் குற்றவாளி இல்லை

இந்தச் செடி வெயிலைச் சமாளிக்கும் விதம் தனி. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கின்றன; திறக்கும்போது நீரும் ஆவியாகிப் போகிறது. பல சதைப்பற்றுச் செடிகள் இரவில் திறக்கின்றன. இரவில் எடுத்த வாயுவை மாலிக் அமிலமாக இலைக்குள் சேர்த்துவைத்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு அதைச் செலவழிக்கின்றன. இதைக் கேம் ஒளிச்சேர்க்கை என்கிறார்கள். சன்ரோஸும் இந்த வழியில் போகும் செடி. ஒரு கிராம் கரியமில வாயுவை எடுக்கச் சாதாரணச் செடி 400 முதல் 500 கிராம் நீரை இழக்கிறது. கேம் செடிகளுக்கு 50 முதல் 100 கிராம் போதும்.

இரவில் அமிலம் சேருவதை நாக்கே கண்டுபிடித்துவிடும். பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவரவியலர் ரணகள்ளி இலையை மென்றுபார்த்து, காலையில் புளிப்பு, நண்பகலில் சப்பென்று, மாலையில் கசப்பு என்று எழுதினார். அவருடைய கடிதம் 1815-இல் அச்சானது. இலைத்துளை, நொதி எதுவும் தெரியாத காலத்தில், வெறும் சுவையை வைத்தே அவர் தொட்டது எவ்வளவு பெரிய உண்மை என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு தீரவில்லை.

இந்த ஏற்பாட்டில் ஒரு நிபந்தனை இருக்கிறது. பகலில் இழந்த கொஞ்ச நீரை இரவில் வேர் திருப்பிக் கொடுக்க வேண்டும். அது நடந்தால் மேற்கு வெயில், சுவர்ச்சூடு எதுவும் இந்தச் செடிக்குப் பொருட்டில்லை. நடக்காவிட்டால் செடி தன் பழைய இலைகளில் உள்ள நீரை எடுத்து நுனிக்கு அனுப்பும்; பழைய இலை மஞ்சளாகி உதிரும். தெற்குப் பாதியின் அடிமொட்டை இப்படி வந்ததுதான்.

மற்ற படரும் செடிகளுக்கு எந்த அளவு பொருந்தும்

தொங்க வேண்டும் என்பது பெரும்பாலும் வளர்ப்பவரின் விருப்பம். தொங்கும் தொட்டிகளில் நாம் பார்த்துப் பழகிய பல செடிகள் சொந்த ஊரில் தரையில் ஊர்பவை. முத்துச்சரம் போல உருண்டை இலைகள் கொண்ட 'ஸ்ட்ரிங் ஆஃப் பேர்ல்ஸ்' தென்னாப்பிரிக்காவின் வறண்ட பகுதிகளில் தரையில் பாய் விரித்து, தொட்ட இடத்தில் வேர் விட்டு வாழ்கிறது. ஆனால் அது புதர்களின் நிழலை ஒட்டி வளர்வது. அதனால் பதியன் பாடம் அதற்குப் பொருந்தும், மேற்கு வெயில் பொருந்தாது. 'டாங்கி டெயில்' என்ற சீடம் பேரினச் செடி வேறு கதை. அது மெக்ஸிகோவின் வெராக்ருஸ் பகுதிப் பாறைச் சரிவுகளில் உண்மையாகவே தொங்கி வாழும் செடி. பதியன் இல்லாமலே நிற்கும், ஆனால் இந்தச் சுவரில் வைத்தால் இலை வெந்து உதிர்ந்துவிடும். திறந்த வெயில் சுவருக்கு சன்ரோஸும், அதே குடும்பத்து டெலோஸ்பெர்மா, லாம்ப்ராந்தஸ் வகைகளும்தான் என் முதல் தேர்வு. சன்ரோஸிலேயே வெள்ளை ஓர இலை வகை மெதுவாக வளரும், வெயிலில் ஓரம் கருகும். அதை நிழல் பக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

சரிவான மண்கரையை மூட நினைப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இதே குடும்பத்தின் பருத்த இலைக் கார்போபிரோட்டஸ் போன்றவை மழையில் நீரை ஏற்றிக் கனத்துவிடும். தளர்ந்த மண்ணாக இருந்தால் அந்தக் கனத்தில் கரையே சரியலாம். சன்ரோஸ் அவ்வளவு கனம் இல்லை, இருந்தாலும் தொங்கும் பகுதியை ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறைப்பது நல்லது.

குறைக்கும்போது விழும் துண்டுகளை என்ன செய்கிறோம் என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கலிஃபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் மத்தியதரைக் கடலோரத்திலும் இது தோட்டத்தைத் தாண்டிப் போய்த் தானாகப் பரவி நிற்கிறது. ஒரு கணு மண்ணைத் தொட்டால் போதும், முளைத்துவிடும். இந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவற்றின் காய்கள் மழையில் நனைந்ததும் திறந்து, விழும் துளிகளால் விதையைத் தெறிக்க வைக்கும். இந்தத் தோட்டத்தில் வெட்டியவற்றை வெயில் விழும் சிமெண்ட் தரையில் பரப்பி, ஒடித்தால் சருகாக நொறுங்கும் வரை காயவைத்து, பிறகுதான் குப்பைக்குழியில் சேர்க்கிறோம். ஓடைக்கரையிலோ காலி மனையிலோ ஒரு துண்டுகூடப் போவதில்லை. தென்கோடியின் இரண்டு செடிகளுக்கும் ஒப்புக்கொண்ட கோடை முடிந்துவிட்டது. வெயில் தணிந்ததும் அவற்றுக்கும் பதியன் போடப் போகிறோம்; கம்பிகளை அந்த அம்மா இப்போதே வளைத்து வைத்திருக்கிறார்.